பவர் பெட்ரோல் ஊற்றினால் ஸ்பிரேயர் நன்றாக ஓடுமா?

விவசாயிகள் கூட்டத்துக்குப் போனால் விதை, உரம், பூச்சி பற்றித்தான் கேள்வி வரும். இரண்டு வருடமாக அந்த வரிசையில் பெட்ரோலும் சேர்ந்துவிட்டது. "சார், ஸ்பிரேயருக்குச் சாதா பெட்ரோல் ஊத்தலாமா, பவர் பெட்ரோல்தான் ஊத்தணுமா?" என்று ஒருவர் கேட்பார். பக்கத்தில் இருப்பவர், "என் எக்ஸ்எல் வண்டிக்கு நான் ஸ்பீடுதான் போடுறேன், இழுவை நல்லா இருக்கு" என்பார். அவ்வளவுதான், கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும்.

வேளாண்மை படித்தவனிடம் ஏன் பெட்ரோலைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். கேட்பது நியாயம்தான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கைத்தெளிப்பானும் காளை மாடும்தான் பெரும்பாலான வீட்டில் இருந்தன. இன்றைக்கு இரண்டு ஏக்கர்க்காரர் வீட்டில்கூட ஒரு மொபெட், ஒரு பவர் ஸ்பிரேயர், வாடகைக்கோ சொந்தமாகவோ ஒரு பவர் வீடர், வரப்புப் புல் வெட்ட ஒரு பிரஷ் கட்டர் என்று பெட்ரோல் குடிக்கும் எஞ்சின்கள் மூன்று நான்கு வந்துவிட்டன. உரச் செலவை எழுதி வைப்பவர்கள்கூட பெட்ரோல் செலவை எழுதுவதில்லை. அதனால்தான் லிட்டருக்கு ஏழு எட்டு ரூபாய் கூடக் கொடுப்பது யாருக்கும் உறைப்பதில்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டில் இருக்கும் பெரும்பாலான எஞ்சின்களுக்கு விலை கூடிய பெட்ரோல் தேவையில்லை. ஏன் தேவையில்லை என்பதைத் தெரிந்துகொண்டால், எங்கே தேவைப்படும் என்பதும் தானாகவே புரிந்துவிடும்.

46-ம் 95-ம் ஒன்றல்ல

பங்கில் எழுதியிருக்கும் 95 என்ற எண்ணைப் பார்த்ததும் நமக்கு யூரியா மூட்டைதான் நினைவுக்கு வருகிறது. மூட்டையில் 46 என்று போட்டிருந்தால் நூறு கிலோவில் 46 கிலோ தழைச்சத்து இருக்கிறது. எண் கூடினால் சத்து கூடும். அதே கணக்கில், 91-ஐவிட 95-ல் சக்தி அதிகம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆக்டேன் எண் அப்படிப்பட்டதல்ல. அது பெட்ரோலின் சக்தியைச் சொல்லவில்லை, அது தாங்கும் குணத்தைச் சொல்கிறது.

எஞ்சினுக்குள் நடப்பது இதுதான். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் வருகின்றன. பிஸ்டன் மேலே ஏறி அந்தக் கலவையை நெருக்குகிறது. காற்றை நெருக்கினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதே, அதே கதைதான். நெருக்கிய கலவைக்கு ஸ்பார்க் பிளக் ஒரு பொறி கொடுக்கும். தீ ஒரு பக்கத்தில் ஆரம்பித்து ஒழுங்காகப் பரவி, பிஸ்டனைக் கீழே தள்ளும். தீ வந்து சேருவதற்கு முன்பே, சூடும் அழுத்தமும் தாங்காமல் கலவையின் ஒரு பகுதி தானாகவே பற்றிக்கொண்டால் 'டக டக'வென்று சுத்தியால் தட்டுவது போலச் சத்தம் வரும். மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். இது நீடித்தால் பிஸ்டன் கெட்டுவிடும்.

இப்படித் தானாகப் பற்றாமல் எவ்வளவு தாங்கும் என்பதை அளக்க 1920-களில் அமெரிக்காவில் ஓர் அளவுகோல் வைத்தார்கள். நன்றாகத் தாங்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100 மதிப்பெண். சட்டென்று பற்றிக்கொள்ளும் ஹெப்டேனுக்கு 0. ஒரு பெட்ரோலுக்கு 91 என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும் என்று பொருள். வேறு ஒன்றுமில்லை.

டெல்டா விவசாயிகளுக்கு இதை நான் நெல்லை வைத்துச் சொல்வேன். சி.ஆர்.1009 சப்-1 ரகம் தெரியும். பயிர் இரண்டு வாரம் வரை தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும். தாழ்வான வயலுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் வெள்ளமே வராத மேட்டு வயலில் அதை நட்டுவிட்டு, மூழ்கலைத் தாங்கும் குணத்துக்காக நாலு மூட்டை கூடுதலாகக் கிடைக்கும் என்று யாராவது எதிர்பார்ப்போமா? வெள்ளம் வந்தால்தான் அந்தக் குணத்துக்கு வேலை. ஆக்டேனும் அப்படியே. எஞ்சினுக்குள் நெருக்கடி அதிகமாக இருந்தால்தான் கூடுதல் ஆக்டேனுக்கு வேலை வரும். இல்லாவிட்டால் அது சும்மா வந்து சும்மா எரிந்து போகும்.

நம் எஞ்சின்களின் நெருக்கடி எவ்வளவு?

மொபெட், நூறு சிசி பைக், ஸ்பிரேயர், வீடர், பிரஷ் கட்டர் எல்லாமே சாதா பெட்ரோலில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. இதற்கு என் பேச்சை நம்ப வேண்டாம். எஞ்சினோடு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்களே, அதைப் பாருங்கள். பல நாடுகளில் வீடரிலும் பம்ப்செட்டிலும் பொருத்தப்படும் ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினின் கையேடு, ஆக்டேன் 91 இருந்தால் போதும் என்கிறது. அந்த எஞ்சினுக்கு 95 ஊற்றுவது, மண்ணில் தேவையான தழைச்சத்து இருக்கும்போது மேலும் யூரியா போடுவது மாதிரி. யூரியாவாவது பயிரைக் கரும்பச்சையாக்கிப் புகையானைக் கூப்பிடும். இது அந்தக் கெடுதலும் செய்யாது, நன்மையும் செய்யாது. காசு மட்டும் போகும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சாதா பெட்ரோலே இப்போது பழைய சாதா பெட்ரோல் இல்லை. இதில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். நம் கரும்பு, மக்காச்சோளம், குருணை அரிசி எல்லாம் ஆலை வழியாக அங்கேதான் போய்ச் சேருகின்றன. எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தாங்கும் குணம் பெட்ரோலைவிட அதிகம். மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025-ல் கொடுத்த விளக்கத்தில், பி.எஸ்.2 காலத்தில் 88 ஆக இருந்த ஆக்டேன் பி.எஸ்.4-ல் 91 ஆகி, இப்போது 20 சத எத்தனால் கலந்த பெட்ரோலில் 95-ஐத் தொட்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறது. அதாவது எந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்கிறோமோ, அந்த எண் சாதா பம்பிலேயே கிடைக்கத் தொடங்கிவிட்டது.

"எத்தனால் வந்ததிலிருந்து மைலேஜ் குறையுது. அதனாலதான் பவர் போடுறேன்" என்று ஒரு தம்பி வாதாடினார். குறைவது உண்மைதான். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் லிட்டருக்கு ஆறு ஏழு சதவிகித எரிசக்தி குறையும். எஞ்சினைப் பொறுத்து அதன் பாதிப்பு கூடும், குறையும். ஆனால் 95 என்று போட்ட பெட்ரோலிலும் எத்தனால் கலக்கப்படுகிறது. விலை கூடக் கொடுத்தால் எத்தனால் போய்விடும் என்று நினைத்து வாங்குவதில் பயனில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு குடும்பத்தில் வண்டி, ஸ்பிரேயர் எல்லாம் சேர்த்து மாதம் 15 லிட்டர் பெட்ரோல் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்றால் மாதம் 120 ரூபாய். வருடத்துக்கு 1,440 ரூபாய். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அந்தக் காசில் ஐந்து மூட்டை யூரியா வாங்கி, மீதிக்கு ஒரு ஸ்பார்க் பிளக்கும் வாங்கலாம்.

இந்தக் காசைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் மைலேஜ் எவ்வளவு ஏற வேண்டும்? விலை சுமார் 8 சதவிகிதம் கூடுதல். ஆகவே மைலேஜும் 8 சதவிகிதம் ஏற வேண்டும். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் ஓடும் வண்டி கிட்டத்தட்ட 65 ஓடினால்தான் கணக்கு சரியாகும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். புது ரகம் வந்தால் பக்கத்தில் பழைய ரகத்தையும் நட்டு ஒப்பிடுகிறோமே, அதே முறைதான். டேங்கை முழுக்க நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி முழுக்க நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதுங்கள். சாதாவில் மூன்று தடவை, பவரில் மூன்று தடவை. அதே ஆள், அதே பாதை, டயரில் அதே காற்று. நடுவில் சர்வீஸ் விடக்கூடாது. சர்வீஸ் விட்டால் எதனால் கூடியது என்று தெரியாது. உரமும் மாற்றி ரகமும் மாற்றினால் எதனால் விளைந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

என்னுடைய நூற்றுப்பத்து சிசி வண்டியில், அலுவலகத்துக்குப் போய்வரும் 40 கிலோமீட்டர் பாதையில் இப்படிப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தைவிட, மழை நாளுக்கும் வெயில் நாளுக்கும் இருந்த வித்தியாசம் அதிகம். "இழுவை நல்லா இருக்கு" என்பது மனசு சொல்வதாகக்கூட இருக்கலாம். நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

எங்கே கொடுக்கலாம்?

விலை கூடிய பெட்ரோலே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கும் இடம் இருக்கிறது.

கையேட்டில் 95 என்று எழுதியிருந்தால் 95 ஊற்றத்தான் வேண்டும். நெருக்கடி அதிகமுள்ள பெரிய பைக்குகள், டர்போ வைத்த பெட்ரோல் கார்கள் சிலவற்றுக்கு அப்படி எழுதியிருப்பார்கள். இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோலை டெல்லியில் லிட்டர் 160 ரூபாய்க்குக் கொண்டுவந்ததும் அந்த மாதிரி வண்டிகளுக்காகத்தான். நம் மொபெட்டுக்காக அல்ல.

வண்டியில் நாக்கிங் சத்தம் வந்தாலும் கேள்வி வரும். நாமக்கல் மாவட்டத்தில் வேலை பார்த்தபோது கொல்லிமலைக்கு அடிக்கடி போவேன். எழுபது கொண்டை ஊசி வளைவு. மிளகு மூட்டையும் ஆளுமாகப் பைக்கில் ஏறுவார்கள். வளைவில் எஞ்சின் 'டக டக'வென்று தட்டும். அங்கே எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வைத்திருந்த வரிசை இது: முதலில் கியரைக் குறை, அடுத்து சுமையைக் குறை, அப்புறம் எஞ்சினைத் திறந்து படிந்திருக்கும் கரியைச் சுரண்டு. கரி படிந்தால் சிலிண்டருக்குள் இடம் குறைந்து நெருக்கடி கூடும். இதெல்லாம் செய்தும் தட்டினால் அப்போது 95 போட்டுப் பார். அவர் சொன்ன வரிசைதான் சரி. காரணத்தைச் சரிசெய்யாமல் விலை கூடிய பெட்ரோலை ஊற்றினால் சத்தம்தான் அமுங்கும், கரி அங்கேயே இருக்கும்.

இந்த வகைப் பெட்ரோலில் எஞ்சினைச் சுத்தமாக வைக்கும் மருந்துகளும் சேர்க்கிறார்கள். இன்ஜெக்டர் வைத்த புது வண்டிகளுக்கு அதில் ஓரளவு பயன் உண்டு. விரும்பினால் எப்போதாவது ஒரு டேங்க் போடலாம். ஒவ்வொரு தடவையும் போட வேண்டியதில்லை.

டீசல் டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் இந்தப் பேச்சே பொருந்தாது. டீசலுக்கு ஆக்டேன் கிடையாது, அதற்கு சீட்டேன் என்று வேறு எண். டீசல் தானாகப் பற்றித்தான் ஆகவேண்டும். பெட்ரோல் தானாகப் பற்றக்கூடாது. இரண்டும் நேர் எதிர்.

உண்மையான எதிரி தண்ணீர்

ஒரு சம்பாப் பருவம். தை மாதம், கதிர் பால் பிடிக்கும் நேரம். குத்தகைக்கு இரண்டு ஏக்கர் பயிர் வைத்திருந்த ஓர் அம்மாவிடமிருந்து போன் வந்தது. "சார், புகையான் வந்துடுச்சு. மருந்து வாங்கி வச்சிருக்கோம், மெஷின் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது" என்றார். போய்ப் பார்த்தேன். அவர் மகன் காலையிலிருந்து கயிற்றை இழுத்து இழுத்துக் கை கொப்பளித்துப் போயிருந்தது. "சாதா பெட்ரோல் சரியில்லைன்னு பவர் வாங்கி ஊத்தினேன் சார். அப்பவும் எடுக்கல" என்றார்.

தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி அது. தண்ணீரை வடிக்கச் சொல்லிவிட்டு மெக்கானிக்கை அழைத்தோம். அவர் வந்து சேர மறுநாள் ஆகிவிட்டது. கார்புரேட்டரைக் கழற்றினார். கிண்ணத்தின் அடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. பெட்ரோல் போகும் சின்ன ஓட்டையைப் பிசின் போன்ற ஒன்று அடைத்திருந்தது. குறுவைக்கு அடித்தபிறகு டேங்கில் இருந்த பெட்ரோலை அப்படியே விட்டுவிட்டார்கள். துடைத்துப் பூட்டி, கேனில் இருந்த சாதா பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றியதும் இரண்டாவது இழுப்பில் எடுத்தது. அதற்குள் வயல் நடுவில் வட்ட வட்டமாகப் பயிர் கருகிவிட்டது. அந்த அம்மா வரப்பில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்த ஆக்டேன் எண்ணாலும் அந்த இரண்டு நாளைத் திருப்பித் தந்திருக்க முடியாது.

எத்தனால் காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவுக்கு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அந்த அடித் தண்ணீரைத்தான். பழைய எஞ்சின்களின் ரப்பர் வாஷர், டியூப் போன்றவற்றையும் எத்தனால் உப்ப வைக்கலாம். நான் மேலே சொன்ன ஹோண்டா கையேடு 10 சதவிகிதத்துக்கு மேல் எத்தனால் உள்ள பெட்ரோல் வேண்டாம் என்றும் சொல்கிறது. ஆகவே பழைய கருவி வைத்திருப்பவர்கள் எத்தனாலுக்கு ஏற்ற டியூப், வாஷர் கிடைக்குமா என்று டீலரிடம் கேட்டு மாற்றிக்கொள்வது நல்லது.

லிட்டருக்கு எட்டு ரூபாயை மிச்சப்படுத்தி, கீழே சொல்லும் வேலைகளில் கவனம் வையுங்கள். பெரும்பாலானவற்றுக்குச் செலவே கிடையாது.

தெளிப்பு முடிந்து மெஷினை ஓரம் கட்டும்போது டேங்கைக் காலி செய்யுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, கார்புரேட்டரில் இருப்பதும் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். எடுத்த பெட்ரோலை வண்டியில் ஊற்றித் தீர்த்துவிடலாம். ஆயில் கலந்ததாக இருந்தால் அடுத்து டூ ஸ்ட்ரோக் கருவி வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

டூ ஸ்ட்ரோக் மெஷினுக்குப் பவர் பெட்ரோல் ஊற்றினாலும் டூ-டி ஆயில் கலந்தே ஆகவேண்டும். "நல்ல பெட்ரோல்தானே" என்று ஆயிலைக் குறைத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கையேட்டில் 25-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்றிருந்தால் 20 மில்லி. கண் அளவு வேண்டாம், மருந்து அளக்கிற மாதிரி அளந்து ஊற்றுங்கள். ஆனால் மருந்து அளந்த மூடியிலேயே அளக்காதீர்கள்.

ஏர் ஃபில்டரைத் தட்டித் துடையுங்கள். வைக்கோல் தூசி அடைத்த ஃபில்டர் குடிக்கும் பெட்ரோலை எந்த ஆக்டேனும் ஈடுகட்டாது.

கேனில் வாங்கினால் இரண்டு மூன்று வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். இறுக்கமாக மூடும் பெட்ரோல் கேனில், அடுப்படிக்கு எட்டாத இடத்தில், பிள்ளைகள் கைக்குப் படாமல் வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் வைக்கவே வேண்டாம். சூடாக இருக்கும் எஞ்சினில் ஊற்றாதீர்கள். டியூபை வாயில் வைத்து உறிஞ்சி எடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

பங்கில் சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள். கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. ஒரு சொட்டு விட்டு ஆறவிட்டால், கறை இல்லாமல் ஆவியாகிவிட வேண்டும். அளவில் சந்தேகம் என்றால் ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். இரண்டும் இலவசம். தரமும் அளவும் சரியாக இருக்கும் சாதா பெட்ரோலைவிட நம் கருவிகளுக்கு மேலான பெட்ரோல் இல்லை.

அடுத்த தடவை பங்கில், "அண்ணே, பவர் போடட்டுமா?" என்று பம்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தம்பி கேட்பார். அவருக்கும் விற்க வேண்டிய கணக்கு இருக்கும். "சாதா போடு தம்பி, மீட்டரை மட்டும் ஜீரோவில் காட்டிட்டுப் போடு" என்று சொல்லுங்கள். நான் சொன்ன மாதிரி ஆறு டேங்க் எழுதிப் பார்த்தவர்கள் வண்டியின் பெயர், எத்தனை வருடப் பழசு, ஓடிய கிலோமீட்டர் எல்லாவற்றையும் நம் கேள்வி பதில் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள். பவர் பெட்ரோலில் உண்மையிலேயே எட்டு சதவிகிதம் ஏறியது என்று நோட்டோடு யாராவது காட்டினால், அந்த எஞ்சினைப் போய்ப் பார்க்க நான் தயார்.